ஏரியை மீட்கிறோம் பேர்வழிகளே, ஒரு நிமிஷம்!

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு. ஏரி தூர்வாருற குழுக்கள்ல இருக்குற நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். போன வருஷம் வரைக்கும் நானும் அந்தக் கூட்டத்துல மண்வெட்டியோட நின்னவன்தான்.

சில வருஷம் முன்னாடி இதே பக்கத்துல "எங்க ஏரி மீண்ட கதை"ன்னு ஒரு பதிவு போட்டேன், ஞாபகம் இருக்கா? நிறைய பேர் வாழ்த்தினீங்க. புழல் பக்கத்துல ஒரு சின்ன ஏரி (பேர் வேண்டாம், ஊர்க்காரங்க எல்லாரும் நல்லவங்க). ஒரு பக்கம் கரை, மத்த மூணு பக்கமும் கோரைப்புல்லும் சேறுமா சரிஞ்சு கிடக்கும். எருமை மேயும். ஓரமா குப்பை கொட்டுவாங்க. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். மனு போட்டோம், கையெழுத்து வாங்கினோம், ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டு பிளாஸ்டிக் பொறுக்கினோம். கடைசியில வேலை நடந்துச்சு. பொக்லைன் வந்து ஆழமா வெட்டி, நாலு பக்கமும் செங்குத்தா கரை கட்டி, மேல சிமெண்ட் கல் பதிச்ச நடைபாதை, பெஞ்சு, கம்பி வேலி. வாசல்ல அழகுக்கு மூணு சிமெண்ட் கொக்கு. அதுல ஒண்ணுக்கு ரோஸ் பெயிண்ட் அடிச்சு பூநாரைன்னு சொன்னாங்க.

அடுத்த ஜனவரியில பைனாகுலரைத் தூக்கிட்டுப் போனேன். முன்னெல்லாம் அந்தச் சேத்துல நெடுங்கால் உள்ளான், பொரி உள்ளான், உப்புக்கொத்தின்னு எண்ணி மாளாது. அன்னிக்கு நான் பார்த்த மொத்தக் கணக்கு: நீர்க்காகம் ரெண்டு, சிமெண்ட் கொக்கு மூணு.

சிரிச்சுட்டீங்களா? நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பழைய பதிவைத் திரும்பப் படிச்சேன். "பறவைகளுக்கு வாழ்விடத்தை மீட்டுக் கொடுத்தோம்"னு நானே எழுதி வெச்சிருக்கேன். அதை அழிக்கல. அது பக்கத்துலயே இருக்கட்டும்னுதான் இதை எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஏரிங்கறது தண்ணித் தொட்டி இல்ல. ஏரியோட உயிர் நடுவுல இருக்குற ஆழத்துல இல்ல, ஓரத்துல இருக்குற சேத்துல இருக்கு. நாம "மீட்பு"ன்னு சொல்லிட்டு முதல்ல வெட்டி எறியறது அந்த ஓரத்தைத்தான்.

புழலுக்கு எத்தனை பருவம்?

புழல் ஏரிக்கு ரெண்டு முகம். ஜி.என்.டி. ரோடு பக்கத்துல இருந்து பார்த்தா உயரமான கரை, கடல் மாதிரி தண்ணி. பெரும்பாலானவங்க பஸ் ஜன்னல்ல பார்க்கிற புழல் இதுதான். மேற்கால சுத்திப் போனா பம்மதுகுளம் பக்கம் ஏரியோட உள்வாய். அங்க கரையே தெரியாது. நிலம் எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியாத மாதிரி மெதுவா சரிஞ்சு போகும். நான் பறவை பார்க்கிறது அந்தப் பக்கம்தான்.

அங்க ஒரு வருஷம் எப்படிப் போகும்னு சொல்றேன்.

ஆடி, ஆவணி. நமக்கு வியர்த்துக் கொட்டும். வடக்கே ரஷ்யாவுல குஞ்சு பொரிச்சு முடிச்ச உள்ளான்கள் அதுக்குள்ள திரும்ப ஆரம்பிச்சிடும். சுதந்திர தினத்துக்கு மிட்டாய் குடுக்கிற சமயத்துல முதல் பொரி உள்ளான் தனியா சேத்துல வாலை ஆட்டிட்டு நிக்கும். "குளிர் காலத்துலதான் வெளிநாட்டுப் பறவை வரும்"னு பாடப்புத்தகத்துல படிச்ச எனக்கு முதல் தடவை பார்த்தப்ப நம்பவே முடியல.

ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை. ஈ.பி. கம்பியில தகைவிலான்கள் கமா போட்ட மாதிரி வரிசையா உட்காரும். தண்ணி ஏற ஏற சேறு மூழ்கும். உள்ளான்கள் இன்னும் மேற்கே, வயல் பக்கம் தள்ளிப் போகும். மீசை ஆலா தண்ணிக்கு மேல பறந்து பறந்து குத்தும்.

மார்கழி, தை. வாத்து சீசன். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, கூடவே நாமக்கோழி. போகி அன்னிக்கு மட்டும் போகாதீங்க. வடசென்னைப் புகையில பைனாகுலர்ல தெரியறது உங்க கண்ணிமை மட்டும்தான் :-)

மாசி, பங்குனி, சித்திரை. என்னைக் கேட்டா இதுதான் உச்சம். தண்ணி இறங்கும். தினமும் கொஞ்சம் புதுச் சேறு வெளிய வரும். குளிர் காலம் பூரா சாம்பலா இருந்த உள்ளான்கள் சிலது செம்பழுப்பா நிறம் மாறும். விடிஞ்சதுல இருந்து இருட்டுற வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கும். ஏன்னா அதுங்களுக்கு ஊர் திரும்பற நேரம். கொசு உள்ளான்னு ஒண்ணு இருக்கு. எடை முப்பது கிராமுக்குள்ளதான், நம்ம டீக்கடை பிஸ்கட் பாக்கெட்டை விடக் கம்மி. அது ஆர்க்டிக் ஓரத்து ரஷ்யா வரைக்கும் போகணும். பெட்ரோல் போடற இடம் இந்தச் சேறுதான். இங்க கொழுப்பு சேரலைன்னா அது கிளம்பாது, இல்ல கிளம்பி வழியில விழும்.

வைகாசி, ஆனி. மீன் எல்லாம் மிச்சமிருக்கிற தண்ணியில ஒதுங்கும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூட்டமா வந்து விருந்து சாப்பிடும்.

கவனிச்சீங்களா? இந்தக் காலண்டர் முழுக்க தண்ணி ஏறி இறங்கறதுல ஓடுது. மழை மட்டும் இல்ல. 1996-ல இருந்து கிருஷ்ணா தண்ணி பூண்டிக்கு வந்து அங்கிருந்து கால்வாய் வழியா புழலுக்கும் வருது. எப்ப வரும்ங்கறது கண்டலேறுல ஷட்டர் திறக்கிறவரைப் பொறுத்தது. ஆனாலும் பறவை சமாளிக்குது. தண்ணி கொஞ்சம் ஏறினா பத்தடி மேல போகும், இறங்கினா பத்தடி கீழ வரும். மேல போகவும் கீழ வரவும் சரிவு இருக்கிற வரைக்கும்தான் இந்தச் சமாளிப்பு.

அங்க வலை போடற பெரியவர் ஒருத்தர் என்னை ரொம்ப நாள் சந்தேகமாப் பார்த்துட்டு ஒருநாள் கேட்டார். "இன்னா தம்பி, தெனம் வந்து இன்னாத்த பாக்குற?" குருவி பார்க்கிறேன்னு சொன்னேன். எங்க சின்ன ஏரியைப் பத்தியும் சொன்னேன். அவர் சொன்னது: "அதான் நாலு பக்கமும் செவுரு வெச்சுட்டீங்களே. மீனு குஞ்சு எங்க நிக்கும்? குஞ்சு ஓரத்துலதான நிக்கும்." நான் இஞ்சினியரிங் நாலு வருஷம் படிச்சவன்.

கொஞ்சம் கணக்கு

படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா? கணக்கு போடுவோம். சேத்துல நடந்து இரை பொறுக்கிற பறவைக்கு வேண்டிய ஆழம் ரொம்பக் கம்மி. பேச்சுக்கு 15 செ.மீ. வரைக்கும்னு வெச்சுக்குவோம். கொசு உள்ளானுக்கு அதுவே முழுகிச் சாகற ஆழம்.

உள்வாய்ச் சரிவு நூத்துக்கு ஒண்ணுன்னா (நூறு மீட்டர் உள்ள போனா ஒரு மீட்டர் ஆழம்), 15 செ.மீ. ஆழம் வரைக்குமான பட்டையோட அகலம் 15 மீட்டர். கட்டின கரையோட சரிவு ரெண்டுக்கு ஒண்ணுன்னா, அதே பட்டை 30 சென்டிமீட்டர். ஒரு கொக்கு ரெண்டு காலையும் வெக்கலாம், அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர் கரைக்கு 15,000 சதுர மீட்டர் எங்கே, 300 சதுர மீட்டர் எங்கே? அம்பதுல ஒரு பங்கு.

இன்னொண்ணு. வெயில்ல ஒரு நாளைக்கு தண்ணி 1 செ.மீ. இறங்குதுன்னு வைங்க. சரிவான கரையில தினமும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புதுச் சேறு, புதுப் புழு. செங்குத்துக் கரையில ரெண்டு செ.மீ., அதுவும் கருங்கல்லு.

"ஏரியில தண்ணி இருக்கே, பறவைக்கு என்ன கேடு?"ன்னு கேக்கறவங்களுக்கு இதான் பதில். குடம் நிறைய சாம்பார் இருக்கு, கரண்டி எட்டல.

வரப்போற கேள்விகள்

*1. ஜனங்க குடிக்கத் தண்ணி இல்லாம சாகறப்ப உனக்குக் குருவி கேக்குதா?*

நியாயமான கேள்வி. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்ட வறண்டப்ப நானும் குடத்தோட லாரிக்கு நின்னேன். அந்த ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு. அதை மறக்கல. அதனால இதுக்கும் கணக்கு.

ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, நூறு மீட்டர் அகலத்துக்கு, ஓரச் சரிவை வெட்டாம அப்படியே விடறோம்னு வைங்க. அதே இடத்தை மூணு மீட்டர் ஆழத்துக்குச் சமமா வெட்டியிருந்தா கூடுதலாக் கிடைக்கிறது 2.5 லட்சம் கன மீட்டர். அதாவது 25 கோடி லிட்டர். பெருசாத் தெரியுதா? சென்னைக்கு ஒரு நாளைக்கு சுமார் 100 கோடி லிட்டர் வேணும். அப்ப இது கால் நாள் தண்ணி. புழலோட மொத்தக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அதுல இது கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல.

தூர்வாரவே கூடாதுன்னு நான் சொல்லல. வண்டல் சேர்ந்தா வார வேண்டியதுதான். நடுவுல வாருங்க, கரைப் பக்கம் மதகு கிட்ட ஆழமாவே வாருங்க. அந்தக் கால் நாள் தண்ணியை அங்க எடுத்துக்கலாம். உள்வாய்ச் சரிவுல மட்டும் கை வைக்காதீங்க. இது தண்ணியா குருவியாங்கற சண்டையே இல்ல. பொக்லைன் எங்க நிக்கணும்ங்கற சண்டை.

*2. சேறு இருந்தா கொசு வருமே?*

டெங்கு கொசு வளர்றது உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டுல, மாடியில கிடக்கிற டயர்ல, மூடாத டிரம்முல. மீன் குஞ்சும் தட்டானும் இருக்கிற ஏரி ஓரத்துல கொசுப்புழுவைத் தின்ன ஆள் இருக்கு. சாக்கடை வந்து சேர்ற ஓரம்னா கொசு வரும், நிஜம். அப்ப சாக்கடையை நிறுத்தச் சொல்லி மனு போடுங்க. ஏரியைச் சுத்திச் சுவர் எழுப்பறது எந்த ஊர் வைத்தியம்?

*3. வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் இருக்கே, அங்க போகட்டுமே?*

இதைச் சொல்றவங்க மேலதான் எனக்குக் கடுப்பு அதிகம். ஏன்னா பறவை பார்க்கிற நண்பர்களே சொல்றாங்க. லீவு நாள்ல கார் எடுத்துட்டு வேடந்தாங்கல் போவாங்க. அடையாறு முகத்துவாரம், பள்ளிக்கரணை, முட்டுக்காடுன்னு தெற்கால போவாங்க. "வடசென்னையில பறவை ஏதுப்பா? ஜெயிலும் கெமிக்கல் கம்பெனியும்தான் இருக்கு"ம்பாங்க.

வேடந்தாங்கல் 1936-லயே சரணாலயம் ஆன இடம். அங்க நாரையும் கூழைக்கடாவும் மரத்துல கூடு கட்டும். ஆனா சாப்பாடு? சுத்துப்பட்டு ஏரிகள்ல, வயல்கள்லதான். போர்டு வெச்ச ஏரி படுக்கையறை, போர்டு இல்லாத ஏரிங்கதான் சமையலறை. சமையலறையை இடிச்சிட்டு படுக்கையறைக்குக் காவல் போடறதுக்குப் பேரு பாதுகாப்பா? பள்ளிக்கரணை 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. சந்தோஷம். ஆனா ஒரு உள்ளானுக்கு ஒரு சதுப்புநிலம் போதாது. ஒரு இடத்துல தண்ணி ஏறினா இன்னொரு இடம் வேணும். அந்த இன்னொரு இடம் பேர் தெரியாத ஏரிகள்தான்.

சரி, புழல்ல இருந்து விரட்டினா அதுங்க எங்க போகும்னு தண்ணி போற வழியிலயே போய்ப் பாருங்க. புழல் கலங்கல்ல இருந்து உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையன்குப்பம் தாண்டி கொசஸ்தலை ஆத்துல சேர்ந்து எண்ணூர் கழிமுகத்துக்குப் போகுது. அங்க பல வருஷமா அனல் மின் நிலையச் சாம்பல் வழிஞ்சு படிஞ்சிருக்கு. தூரத்துல பார்த்தா சேறு மாதிரியே இருக்கும். சேறு இல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல மணலிப் பக்கம் இருந்து எண்ணெய் கலந்து அதே கழிமுகத்துல பரவினப்ப, உடம்பெல்லாம் கறுப்பு அப்பின கூழைக்கடாக்களைப் பத்திரிகையில பார்த்திருப்பீங்க. காட்டுக்குப்பம் பக்கத்து மீனவங்க அந்த எண்ணெயை வாளியில மொண்டதையும் பார்த்திருப்பீங்க. நாம சொல்ற "மாத்து இடம்" அதுதான்.

*4. வாக்கிங் போக ஒரு இடம் வேணாமா?*

வேணும். ஒரு பக்கம் ஏற்கெனவே கரை இருக்கே, அது மேல போங்க. எல்லாப் பக்கமும் சுத்தி வந்தாத்தான் சர்க்கரை இறங்குமா?

மால்டாக்காரனைப் பார்த்து

மத்தியதரைக் கடல்ல மால்டான்னு ஒரு குட்டித் தீவு. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல போய் வர்ற பறவைகள் இளைப்பாற இறங்குற இடம். அங்க வசந்த காலத்துல துப்பாக்கியோட காத்திருந்து சுடற பழக்கம் உண்டு. அதை நிறுத்தலாமா வேணாமான்னு 2015 ஏப்ரல்ல நாடு பூரா ஓட்டெடுப்பு நடத்தினாங்க. வேட்டை தொடரட்டும்னு சொன்ன பக்கம் ஜெயிச்சது, ஐம்பது சதவீதத்தைச் சும்மா ஒரு மயிரிழை தாண்டி.

இதைப் படிச்சதும் எனக்கும் ஆத்திரம் வந்துச்சு. கொலைகாரப் பசங்கன்னு திட்டினேன். அப்புறம் யோசிச்சேன். அந்தத் தீவுல கிட்டத்தட்ட பாதிப் பேர் பறவைக்காக ஓட்டுப் போட்டாங்க. சுடறவனுக்கும் எந்தப் பறவை எந்த மாசம் எந்தத் திசையில இருந்து வரும்னு தெரியும். நமக்கு? நாம துப்பாக்கி எடுக்கல. பறவைக்கு அரிசி வெக்கிறோம், மாடியில தண்ணி வெக்கிறோம், சிட்டுக்குருவி தினத்துக்குக் கவிதை எழுதறோம். அப்புறம் ஒரு பொக்லைனை வாடகைக்கு எடுத்து, ஆயிரக்கணக்கான மைல் பறந்து வர்றதோட சாப்பாட்டுத் தட்டை வழிச்சு எடுத்துட்டு, கை தட்டி போட்டோ எடுத்து "மீட்டோம்"னு பதிவு போடறோம். சுட்டாலாவது சத்தம் கேக்கும். இதுல சத்தமே இல்ல. அடுத்த வருஷம் வரல, அவ்வளவுதான். வராததை யாரு கவனிக்கப் போறா?

என்ன செய்யலாம்?

திட்டிட்டு மட்டும் போனா மொக்கைப் பதிவாயிடும். அதனால ரெண்டே ரெண்டு வேண்டுகோள்.

ஒண்ணு: வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் நம்ம எல்லாரும் "எல்லா ஏரியையும் ஆழப்படுத்து"ன்னு எழுதறோம். 2015 டிசம்பருக்கு அப்புறம் எழுதினோம், 2019-லயும் எழுதினோம். நானே எழுதினேன். இனிமே மனு போட்டாலோ பதிவு எழுதினாலோ ஒரு வரி சேர்த்துக்குங்க: "உள்வாய்ச் சரிவை வெட்டாமல், நடுவிலும் மதகுப் பக்கமும் மட்டும் தூர்வார வேண்டும்." ஏரிக்கரை மேம்பாடுன்னு ஒரு திட்டம் உங்க ஏரியாவுக்கு வந்தா, வரைபடத்துல முதல்ல கரையோட குறுக்குவெட்டைக் கேளுங்க. பெஞ்சு எத்தனைன்னு அப்புறம் கேக்கலாம்.

ரெண்டு: வருஷா வருஷம் பொங்கல் சமயத்துல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, 2015-ல இருந்து. கால் மணி நேரம் நின்னு பார்த்து எண்ணினாலே போதும். வேடந்தாங்கலை எண்ண ஆயிரம் பேர் இருக்காங்க. நீங்க உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற, பேர் கூடச் சரியாத் தெரியாத ஏரியை எண்ணுங்க. தூர்வாரறதுக்கு முன்னாடியே எண்ணுங்க. நான் எண்ணி எழுதி வெக்கல. அதனால என் சின்ன ஏரியில என்ன இருந்துச்சுன்னு நான் சொன்னா "எண்ணி மாளாது"ன்னுதான் சொல்ல முடியுது. அதிகாரி முன்னாடி நின்னு "எண்ணி மாளாது"ன்னு சொன்னா என்ன மரியாதை கிடைக்கும்? கிடைச்சது எனக்கு.

போன ஞாயித்துக்கிழமை அந்தச் சின்ன ஏரிப் பக்கம் போயிருந்தேன். ஒரு குழந்தை சிமெண்ட் பூநாரை மேல ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிட்டிருந்துச்சு. அப்பாகிட்ட, "இது நெஜமா இங்க வருமாப்பா?"ன்னு கேட்டுச்சு. அவர், "அதெல்லாம் வெளிநாட்டுல இருக்கும்மா"ன்னார்.

பழவேற்காடு அங்கிருந்து ஒரு மணி நேரம் கூட இல்ல. பூநாரை அங்க வருஷா வருஷம் வருது. சொல்லலாம்னு வாயெடுத்தேன். அந்த ஏரியை அப்படி ஆக்கினதுல என் கையெழுத்தும் இருக்கேன்னு பேசாம வந்துட்டேன்.